கால்பெட்டி

லாரி பின்னோக்கி வந்தது.
கத்தினேன். சந்தையில் அந்நேரம்
எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.
அவ்வளவுதான் அந்தக் கதை.

வேலந்தாவளத்தில் ஏலம் முடிந்ததும்
மீராசா ராவுத்தர் மண்டி வாசலில்
தினம் ஒரு தக்காளிப் பெட்டியை ஒதுக்கி வைத்தார்கள்.
சுமைக்காரன் தொப்பையன் அதில்
கரித்துண்டால் 'கால்' என்று எழுதினான்.
புதிதாய் வந்த வியாபாரி ஒருவன்
கால் பெட்டி என்று நினைத்துக்
கால் விலை கேட்டானாம்.
ஒன்றேகால் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள்.

ஆடியில் கிலோ இரண்டு ரூபாய்.
பறிகூலிக்குக் கட்டாமல்
சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள்.
அந்த மாதம் என் கால்
கணுவைத் தாண்டவில்லை.
ஐப்பசி மழையில் செடிகள் அழுகின.
பெட்டி ஆயிரத்தைத் தொட்டது.
ஒரே வாரத்தில் கெண்டைச்சதை வளர்ந்தது எனக்கு.
மழை விடக்கூடாதென்று வேண்டிக்கொண்டேன்.
பாவம்தான்.
அழுகியதில் பாதி என் கொழுந்தன் காட்டுச் செடி.

பாலக்காட்டில் அளவெடுத்தவள் பெயர் ஷீபா.
எலும்பு துருத்துமிடமெல்லாம்
நீலப் பென்சிலால் வட்டமிட்டாள்.
'இவிடெ வேதனயுண்டோ?'
அங்கே இல்லை.
இல்லாத பெருவிரலில்தான் என்றேன்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்,
அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.
ஈரமாவுத் துணியைச் சுற்றி
இறுகும்வரை இரு கையாலும் பிடித்திருந்தாள்.
இறுகும்போது மாவு சுடும்.
இரண்டு வருடத்தில் அந்த இடத்தை
யாரும் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

காலையில் ஓர் உறை மாட்டினால் போதும்.
மதியம் இரண்டு. பொழுதிறங்க மூன்று.
மிச்சமிருக்கும் கால் பகலெல்லாம் வற்றுகிறது,
எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் போல.
ராத்திரியில் ஊறிவிடுகிறது.

நடந்து சந்தைக்குள் வந்தேன்.
'என்ன மாராத்தா, நம்ம காலு எப்படி?'
நம்ம காலு.
வெங்காயக்காரர் குனிந்து
தேங்காயைத் தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தார்.
நாலு பெட்டி கொடுத்த ஒருவர்
தன் சம்பந்திக்கு
படியேறிக் காட்டச் சொன்னார்.
ஏறினேன். இறங்கினேன்.
இன்னொரு முறை என்றார். ஏறினேன்.

ஒரு வியாழக்கிழமை
காலை வீட்டில் சாத்திவிட்டு
கட்டையை ஊன்றிக்கொண்டு போனேன்.
ஏலம் நின்றுவிட்டது.
'உடைஞ்சுபோச்சா?'
'இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது.
இன்னிக்கு மாட்டச் சலிப்பா இருந்துச்சு.
காலு உங்களுதாவே இருக்கட்டும்,
சலிப்பு என்னுது.'
அழுகல் பொறுக்க உட்கார்ந்துவிட்டேன்.
ராவுத்தர் ஒருமுறை செருமினார்,
நிறுத்திய விலையிலிருந்து ஏலத்தைத் தொடர்ந்தார்.
பிறகு யாரும் தட்டிப் பார்க்கவில்லை.
வெங்காயக்காரர் மட்டும் ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை.
அவரும் ஆறு பெட்டிப் பணம் போட்டவர்.

ஒழலப்பதியில் ரினீஷ் என்றொரு பையன்.
எட்டு வயது. பிறக்கும்போதே
இடது முழங்காலோடு முடிந்திருக்கிறான்.
அவன் வளர்கிறான், அதுதான் சிக்கல்.
தைத்த சட்டையைப் போலக்
காலும் வருடாவருடம் பத்தாமல் போகும்.
ராவுத்தர் விரல்விட்டு எண்ணினார்.
பத்து வருடத்துக்குப் பெட்டி வேண்டும்.
தக்காளியை நம்ப முடியாது,
முருங்கையும் சேரட்டும் என்றான் தொப்பையன்.

கரித்துண்டை நான் கேட்டு வாங்கினேன்.
பையன் பெயரை எழுதச் சொன்னார்கள்.
எழுதவில்லை. ஒரு கோடு போட்டேன்.
ஒருநாள் அவன் இந்தச் சந்தைக்கு
யாரையாவது துரத்திக்கொண்டோ
மாங்காய் திருடவோ வருவான்.
எந்தப் பெட்டி என்று
அவனுக்குத் தெரிய வேண்டாம்.

இன்று பெட்டி நூற்றிருபது.
ஒரு சுண்டுவிரல் வரும்.
வரட்டும்.